மெஷின் ஓடும்போது யார் பேசினார்கள்?

அன்பு ஜெசி,

நீ கண்ணை மூடிய பிறகு இந்த இரண்டு வருஷத்தில் வந்த படங்களைப் பற்றியெல்லாம் உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போன மாதம் வந்த பேய்ப் படத்தில் மற்ற எல்லோரையும்விடப் பேய்தான் நன்றாக நடித்திருந்தது. அம்மா பார்க்கும் டி.வி. தொடரில் மாமியாருக்கு மறுபடியும் நினைவு தப்பிவிட்டது. பெரிய நடிகர் யாருமில்லாத ஒரு சின்னப் படம், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பாதிக் கதை. நீ அதைப் பார்க்காமல் போனாயே என்று இருந்தது.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இணையத்தில் தொடங்கிய ‘ஓரத்து ரெண்டு சீட்’ விமர்சனப் பக்கம் இன்னும் ஓடுகிறது. அதில் நம் பெயர்கள் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். “குத்தம் சொல்றதுன்னா பேரைப் போட்டுச் சொல்லோணும் அம்மணி” என்றாய். பிறகு என் பயத்துக்காக விட்டுக்கொடுத்தாய்.

தியேட்டரில் நாம் வாயால் பேசியதே இல்லை. ஸ்பின்னிங் மில்லில் உன் அம்மாவும் கூட வேலை செய்தவர்களும் மெஷின் இரைச்சலில் பேசிக்கொண்ட கைச்சாடையை நீ எனக்கும் பழக்கியிருந்தாய். விரலால் நூல் இழுப்பதுபோல் காட்டினால், படம் இழுக்கிறது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியில் ஒட்டிப் படக்கென்று பிரித்தால், நூல் அறுந்துவிட்டது. அதாவது, இனிமேல் இந்தக் கதையை நம்ப முடியாது.

இப்போது செய்திக்கு வருகிறேன். என் பெரியம்மா மகன் செந்தில் அண்ணனை உனக்குத் தெரியும். சென்னையில் உதவி இயக்குநராகவே வருஷக்கணக்கில் இருந்தவர், கடைசியில் சொந்தமாக ஒரு வெப் சீரிஸ் எடுத்துவிட்டார். நம்ம ஊர் மில்லில் நடக்கும் காதல் கதை. வெளியாவதற்கு முன்பு பீளமேட்டில் சொந்தபந்தங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரியம்மா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் இனிப்புக் கச்சாயம் வைத்துத்தான் உள்ளே விட்டார்.

நடிகர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். நம் பேச்சைக் கேலியாக்காமல் பேச வைத்திருந்தார் அண்ணன். ஆனால் அந்த முக்கியமான காட்சியில், வரிசையாக மெஷின் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் நின்று அவனும் அவளும் கிசுகிசுப்பாகக் காதல் சொல்கிறார்கள். பின்னால் வீணை. எல்லோரும் கைதட்டினார்கள். என் விரல்கள் தாமாக ஒட்டிப் பிரிந்தன. உன் இடத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, “கொசுவா கண்ணு?” என்று கேட்டார்.

வெளியே வந்தால் அண்ணனின் ஆட்கள் கேமராவோடு நிற்கிறார்கள். எப்படியிருந்தது என்று கேட்டார்கள். கச்சாயம் இன்னும் நாக்கில் இனித்துக்கொண்டிருந்தது, பெரியம்மா பக்கத்தில் நின்றார். “நல்லாருக்குதுங்க” என்றேன். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் நமக்கு வேறு வார்த்தை வராதே ஜெசி. உப்பில்லாத குழம்புக்கும் அதைத்தானே சொல்வோம்?

மறுநாள் போஸ்டரில் அந்த வார்த்தை வந்தது. கீழே என் பெயர் இல்லை, நம் பக்கத்தின் பெயர். சொந்தத்தில் அது என் பக்கம் என்று தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். நீ ஒருமுறைகூடப் பொய் சொல்லாத இடத்தில் நான் உபசாரத்துக்கு ஒன்றைச் சொல்லிவைத்துவிட்டேன்.

போஸ்டரைப் பார்த்துவிட்டு உன் அம்மா கூப்பிட்டார். சீரிஸ் வெளியான ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். மில் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காட்சியில் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

“மெஷினையெல்லாம் நிறுத்திப்போட்டாங்களா கண்ணு? பேசறது கேக்குதே.”

குறை சொல்லவில்லை அவர். நிஜமாகவே சந்தேகம் கேட்டார். எனக்கு முகம் சுட்டது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். போஸ்டரில் இருப்பது என் வாயிலிருந்து மரியாதைக்காக வந்த வார்த்தை, விமர்சனம் அல்ல என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். நல்லதை நல்லது என்றேன். பிறகு, அந்த இரைச்சலில் காதல் வாயால் நடந்திருக்காது, கையால்தான் நடந்திருக்கும், மில்லில் இருந்தவர்களிடம் கேட்டிருந்தால் இதைவிட அழகான காட்சி கிடைத்திருக்கும் என்று எழுதினேன். முடிவில் முதல்முறையாகப் பெயர் போட்டேன். இரண்டு பெயர்.

வீட்டில் அம்மா, இனிப் பெரியம்மா மூஞ்சியில் எப்படி முழிப்பது, அதை எடுத்துவிடு என்றார். பெரியம்மா இன்றுவரை என்னோடு பேசவில்லை. நான் எடுக்கவில்லை ஜெசி. பயந்துகொண்டே எடுக்கவில்லை.

நான்காம் நாள் அண்ணன் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, கேட்டார்:

“போன வருஷம் கதையைப் படிக்கக் குடுத்தனே கவி. அப்பவே சொல்லியிருந்தா மாத்தியிருப்பனில்ல?”

ஆமாம். கொடுத்திருந்தார். படித்துவிட்டு “நல்லாருக்குதுங்கண்ணா” என்று ஒரு வரி அனுப்பியிருந்தேன். அந்தக் காட்சி அதிலும் இருந்தது. அவரைத் தலைகுனிய வைத்தது இப்போது எழுதிய விமர்சனமா, அன்றைக்கு அனுப்பிய வரியா? நீயாக இருந்தால் படித்த அன்றே போன் செய்து அவரை ஒரு மணி நேரம் காய்ச்சியிருப்பாய். அவரும் முறைத்துக்கொண்டு போய் மாற்றியிருப்பார். உன் கறாருக்குள் அவ்வளவு அக்கறை இருந்ததை நான் இவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த ஒரு வரிக்காக மட்டும். போஸ்டரிலிருந்து நம் பக்கத்தின் பெயரை அவராகவே எடுத்துவிட்டார். பிறகு, அந்தச் சாடையெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். உன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

போனவாரம் உன் அம்மா சொன்னார்: “உங்கண்ணன் வந்திருந்தாருங் கண்ணு. கையைப் புடிச்சுப் புடிச்சுக் காட்டிக் குடுத்தேன். வெரலு வளையவே மாட்டேங்குது அவருக்கு.” சிரிப்பும் பெருமையும் அந்தக் குரலில் நிறைந்திருந்தன. நீ கேட்டிருக்க வேண்டும். எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. கொஞ்சம், என்னை நினைத்தும்.

அண்ணனின் அடுத்த கதை நேற்று வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பென்சிலால், “மரியாதை வேண்டாம்” என்று எழுதியிருக்கிறார். எழுபதாம் பக்கம்வரை படித்துவிட்டேன். இரண்டு இடத்தில் நூல் அறுந்திருக்கிறது. நாளைக்குப் பெரியம்மா வீட்டுக்கே போய் அண்ணனிடம் நேரில் சொல்லப்போகிறேன். கச்சாயம் கொடுத்தால் சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டும் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் பக்கத்து சீட்டுக்காரி,
உன் அம்மாவுக்கு இன்னொரு மகள்,
கவிதா