மீன் முகத்தில் ஊதா

ஜூன் 3
மீன் பொம்மையின் தலைக்கு மறுபடியும் வெள்ளை பூசினேன். மறுபடியும் ஊதா! கன்னத்தில் தேமல் மாதிரி எட்டிப் பார்க்கிறது. தலை செய்த அன்றைக்கு மழை. குழாயடிவரை போகச் சோம்பல்பட்டு, வாசலுக்கு எதிரே ஓடும் கால்வாயில் மொண்டு, தலைக்கான காகிதத்தை ஊறப்போட்டேன். கால்வாயைக் காப்பாற்ற நாடகம் போடும் மகராசி செய்த வேலை இது. ஞாயிறு நாடகம். புதுத் தலை செய்தால் அதற்குள் காயாது.

ஜூன் 4
என்னோடு பொம்மை ஆட்டுகிறவள் — வாய் ஓயாததால் சில்வண்டு என்று பெயர் — தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“இப்படியே ஆடட்டும்.”
“அசிங்கமா இருக்குடி.”
“அதைக் காட்டத்தானே போறோம்?”

ஜூன் 5
அக்கா வந்தாள். என் பொம்மைகளுக்கெல்லாம் கண் எழுதுவது அவள்தான். அதற்குத்தான் வந்தாள் என்று தூரிகையை நீட்டினேன். வாங்கவில்லை. உட்காரக்கூட இல்லை.
“உன் பொம்மை விளையாட்டுக்காக எங்க வயித்துல அடிக்காதேடி.”
அத்தான் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். கால்வாயில் விழும் குழாய் அந்தப் பட்டறையுடையது. சுத்தப்படுத்தித்தான் விடுகிறோம் என்று சாதிக்கிறார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும்போதெல்லாம் தண்ணீரும் தெளிவாகவே இருந்து தொலைக்கிறது.
நிறுத்திவிடலாமா? என்னை வளர்த்ததே அக்காதான். நிறுத்தினால், காலையில் ஜன்னலைத் திறக்கும்போது அந்த நாற்றத்துக்கு என்ன பதில் சொல்வேன்? எதிலும் கை ஓடவில்லை.

ஜூன் 6
கண்ணை நானே எழுதினேன். மாறுகண். எங்கே உட்கார்ந்தாலும் என்னையே முறைக்கிறது — சனியன்.

ஜூன் 7
முடிந்தது.
திரைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து கையை மட்டும் தூக்கி ஆட்டுகிறோம். கூட்டம் தெரியாது, காதுதான் எல்லாம். மீன் கேட்டது: “என் மூஞ்சியில இந்தச் சாயம் எப்ப ஒட்டுச்சு? யாராச்சும் பாத்தீங்களா?” குழந்தைகள் ஆளுக்கொன்றாகக் கத்துவார்கள், அதை வைத்துப் பாட்டு. அதுதான் ஏற்பாடு. கத்தினார்கள். ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
“மழை பெய்யும்போது. வெள்ளத்தோட போனா யாருக்கும் தெரியாதுன்னு அப்பத்தான் பட்டறைக் குழாயைத் திறக்கச் சொல்வாங்க. திறந்துவிடுறது நான்தான்.”
அத்தான்!
மீன் என்ன சொல்ல வேண்டும்? குரல் வந்த பக்கமாக அதன் தலையைக் குனிய வைத்தேன்.

ஜூன் 9
அத்தானுக்கு வேலை போய்விட்டது. அக்கா போனை எடுக்கவில்லை. ஐயோ, பொம்மை கேட்டதற்கு மனிதர் பதில் சொல்லிவிட்டாரே! நான் கேட்காமல் இருந்திருந்தால்?

ஜூன் 21
கொட்டுகிற மழை. தெருவே குடையோடு குழாயருகே நின்றது, பட்டறைக்குச் சொல்லாமல் வந்த அதிகாரிகளும்தான். ஊதாவாகக் கொட்டியது. எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூலை 15
குழாயை அடைத்துவிட்டார்கள். அக்கா இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 2
அத்தானுக்கு இப்போது மரக்கடையில் வேலை. நேற்றைய மழையில் கால்வாய்த் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து, அவரே காகிதம் கிழித்து ஊறப்போட்டார். “பாத்துடலாம்” என்றார்.

செப்டம்பர் 13
புதுத் தலைக்கு ஒரே பூச்சுதான். காய்ந்த பிறகும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. நான் கண் எழுதப்போனேன். அத்தான் தடுத்து, தலையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.
சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணும் எழுதியிருந்தது. மாறுகண் இல்லை.