ஐந்தாவது நம்பர்

3, திங்கள். பெடாஸ்.
காலையிலிருந்து தூறல். எஸ்டேட் போன்களுக்குச் செம்புக் கம்பி போய் ஃபைபர் வருகிறது. கான்ட்ராக்ட் எடுத்த நண்பன் தேவராஜ்தான் போடுகிறான். பழைய போன் நம்பர்கள் ஐந்து: ஆபீஸ், மேனேஜர் வீடு, ஸ்டோர், ஆலை, டிஸ்பென்சரி. ஒவ்வொன்றுக்கும் புதுப் பெட்டிக்குள் ஒரு வர்ச்சுவல் போர்ட் உண்டாக்கி, எந்தக் கம்பிக்குப் போகணும் என்று லேப்டாப்பில் சொல்லணுமாம். சொல்லாவிட்டால்? "கூப்புடுறவன் காதுல மணி அடிக்கும்ண்ணே. இங்க சத்தமே இருக்காது." சிரித்தான். லேப்டாப் நனையாமல் குடை பிடித்தேன். இருபது வருடப் பழக்கம்.
வாங்கணும்: இருமல் மருந்து, பேனா, தோசை மாவு.

4, செவ்வாய். பாரோய், வீடு.
வெயில். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புமுன் ஐந்து நம்பரையும் கூப்பிட்டேன். நான்கில் ஆள் எடுத்துப் பேசினார்கள். டிஸ்பென்சரியில் மணி போய்க்கொண்டே இருந்தது. தேவராஜிடம் கேட்டேன். "டிரஸ்ஸரம்மா தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கும் லா. நா டெஸ்ட் பண்ணிட்டேன்."
எழுதினேன்: ஐந்தும் வேலை செய்கின்றன.

11, செவ்வாய்.
மழை. எஸ்டேட் ஆபீஸ் கிராணி குமார் போன். மாதக் கடைசியில் டிஸ்பென்சரியை மூடுகிறார்களாம். காரணம்: ஒரு வாரமாக அங்கே ஒரு அழைப்பும் எடுக்கப்படவில்லை. லைன் நன்றாக இருப்பதற்குச் சாட்சி, என் செய்தி. நகல் எடுத்து நோட்டீஸோடு ஒட்டியிருக்கிறார்கள்.

12, புதன். பெடாஸ்.
டிஸ்பென்சரி. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சரோஜாவின் மேசையில் கருப்பு போன். எதிரே உட்கார்ந்து என் கைப்பேசியில் கூப்பிட்டேன். என் காதில் மணி. மேசையில் சத்தமே இல்லை.
சரோஜா: "ஒரு வாரமா யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சந்தோஷப்பட்டேன் சார்."
மருந்து வாங்க வந்திருந்த முனியம்மா, மூன்றாம் டிவிஷன் லயத்துக் குடியிருப்பு: "ஒம்பது தடவ போன் அடிச்சேன். எம் புருசனுக்கு மூச்சு வாங்குச்சு. லோரியில போட்டு ரெம்பாவ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நீங்கதானே பேப்பர்ல போட்டீங்க, வேல செய்யுதுன்னு?"
பிழைத்துக்கொண்டாராம்.

மதியம் குமார் வேலைச் சீட்டை எடுத்துக் காட்டினார். 'ஐந்து, டிஸ்பென்சரி: காலி போர்ட், கம்பி இணைக்கவில்லை. மேனேஜர் சொன்னபடி.' தேவராஜ் கையெழுத்து. மூன்றாம் தேதி. நான் குடை பிடித்த நாள். நாளைக்குக் கேள்வி வந்தால் தனக்கு ஆதாரம் வேண்டுமென்று எழுதி வைத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

13, வியாழன். வீடு.
புழுக்கம். தேவராஜ் மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாவதை எடுத்தேன்.
"அண்ணே, கான்ட்ராக்ட் போயிடும்ண்ணே. இன்னிக்கே சரி பண்ணிடறேன், ரெண்டு நிமிஷ வேல. டெக்னிக்கல் கோளாறுன்னு போட்டுடுங்க."
ரெண்டு நிமிஷ வேலை.
"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"
"சொன்னா எழுதிடுவீங்கல்ல."
வைத்துவிட்டேன்.

திருத்தச் செய்தி, முதல் வரி: டிஸ்பென்சரி லைன் வேலை செய்கிறது என்று சென்ற வாரம் எழுதியவன் நான், நேரில் போய்ப் பார்க்கவில்லை.
இரண்டாம் வரியில் அவன் பெயர். முழுதாக.