கட்டிவிட்ட வெள்ளரிக்காய்கள்

7 அக்டோபர் 2024, திங்கள்

நான்கு நாளாக விடாத மழை. வெள்ளரிப் பாத்திகளில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துப் போயிருக்கிறது. பிஞ்சுகள் நுனியிலிருந்து அழுகுகின்றன. கிள்ளானில் பதினான்கு வருஷம் சரக்கு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க் வேலை பார்த்தபோது, மழை என்றால் குடையை எங்கே வைத்தோம் என்பது மட்டும்தான் கவலை. இப்போது கூரையில் சத்தம் கேட்டாலே பாத்தியைப் பார்க்க ஓடுகிறேன்.

பண்ணை முதலாளி பாலன் அண்ணன் இந்த மாதம் பண்ணையைப் பார்க்க வரும் பள்ளிகளின் பட்டியலைக் கொடுத்தார். பதினேழாம் தேதிக்கு நேராக பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி, மூன்றாம் ஆண்டு, முப்பத்திரண்டு பிள்ளைகள்.

எவலின் படிக்கும் வகுப்பு. என் மகள் இங்கே வரப்போகிறாள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்? அண்ணன் பார்த்துவிட்டு, என்னடா மார்க், பரீட்சைக்கா படிக்கிற என்றார்.

9 அக்டோபர், புதன்

இன்று அண்ணனைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அவரிடமும் உர மூட்டையைப் பற்றித்தான்.

13 அக்டோபர், ஞாயிறு

இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் என் ஞாயிறு. சர்ச் முடிந்ததும் பெர்னிஸ் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போவாள். மூன்று மணி நேரம். வாழையிலைச் சாப்பாடு, ஐஸ்கிரீம், பிறகு வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். பிரிந்து இரண்டு வருஷத்தில் பெர்னிஸும் நானும் அந்த வாசலில் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. சண்டை இல்லை. சண்டை போடக்கூட விஷயம் இல்லை.

சாதாரணமாக எவலின் அதிகம் பேசமாட்டாள். நான் கேட்பேன், அவள் "ஓகே டாடி" என்பாள். இன்று வாய் ஓயவில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம், அது எங்க டாடி ஃபார்ம் என்று. டாடி ஃபார்ம் இல்லை, டாடி வேலை செய்யும் ஃபார்ம் என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

"வெள்ளரிக்கா நெறையா இருக்கா டாடி? எல்லாருக்கும் பத்துமா?"

நிறைய இருக்கிறது என்றேன். வாய் கூசவில்லை. ரயிலில் திரும்பி வரும்போதுதான் கூசியது.

16 அக்டோபர், புதன்

நான்கு பாத்தியிலும் சேர்த்துத் தேறியது ஏழு காய். அதில் மூன்று வளைந்து கிடக்கிறது.

அதனால் வழக்கமான வேலைதான். விளைச்சல் இல்லாத வாரத்தில் நாங்கள் செய்வது இது: பாசார் போரோங் மொத்தச் சந்தையில் காய் வாங்கி வந்து, பச்சை நூலால் கொடியில் கட்டிவிடுவோம். பிள்ளைகள் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து காய் கையில் வந்துவிடும். ஒரே சத்தம், கைதட்டல், செல்ஃபி. டீச்சர்களுக்கும் சந்தோஷம். இந்த வருஷம் இப்படி ஐந்தாறு பள்ளிக்குக் கட்டியிருப்பேன். ஒரு தடவைகூட உறுத்தவில்லை. முதலில் அண்ணனிடம் இது சரியா என்று கேட்டதுண்டு. "பிள்ளைங்க பறிக்கத்தான் வருதுங்க. வெறுஞ்செடியப் பாக்க யாருலா பஸ் ஏறி வருவா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்கு யாரும் வேலை தராதபோது அறையோடு வேலை தந்தவர்.

நாளைக்கு மட்டும் வேண்டாமே, மழையில் அழுகிவிட்டது என்றே சொல்லிவிடலாமே என்று இன்று மெல்லக் கேட்டேன். உன் மக வர்ற அன்னைக்கா, வெறுங்கையோட அனுப்பப்போறியா என்று திருப்பிக் கேட்டார்.

காம்பு நீளமாக உள்ள காயாகப் பொறுக்கி நாற்பது வாங்கினேன்.

17 அக்டோபர், வியாழன்

விடிவதற்கு முன் எழுந்து கட்டினேன். இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. முடிச்சு வெளியே தெரியாமல், இலையை மேலே இழுத்துவிட்டு. தள்ளி நின்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு, பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதரைக்கு பஸ் வந்தது. எவலின் முதலில் இறங்கி, என்னைக் காட்டி, அதான் எங்க டாடி என்றாள். முப்பது முகங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தன. என்னை யாராவது அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாகிறது? உரம், விதை, தேனீ என்று என்னென்னவோ பேசினேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

பறிக்கும் நேரம். தனேஷ் என்று ஒரு பையன், கண்ணாடி போட்டவன், காயை உயரத் தூக்கிக் கேட்டான்.

"அங்கிள், இதுல ஏன் நூல் இருக்கு?"

வாயைத் திறந்தேன், மூடினேன். அண்ணன் தூரத்தில் டீச்சரோடு நின்றார். அப்போது எவலின் சொன்னாள்.

"காத்துல விழுந்திரும்ல, அதான் டாடி கட்டி வச்சிருக்காரு. ஃபார்ம்ல எல்லாம் அப்படித்தான்."

என்னைப் பார்க்காமல் சொன்னாள். எல்லோரும் ஓ என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் நூலைத் தேடிப் பார்த்துப் பறித்தது. ஒரு நாளைக்கு எத்தனை காய் கட்டுவீங்க அங்கிள் என்று ஒரு பெண் கேட்டாள். நிறைய என்றேன்.

எவலின் பறிக்கவே இல்லை. பஸ் ஏறும்போது நானே ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். வீட்ல இருக்கு டாடி என்று ஏறிவிட்டாள்.

18 அக்டோபர், வெள்ளி

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

23 அக்டோபர், புதன்

வகுப்பாசிரியை லோகேஸ்வரி வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் பண்ணைச் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதினார்களாம். நன்றாக எழுதியிருக்கிறார்களாம். ஒரே ஒரு சந்தேகமாம்: வெள்ளரிக்காயை நிஜமாகவே கட்டுவீர்களா, அது ஏதாவது புது முறையா, பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள், நான் திருத்துவதா விடுவதா?

தனேஷின் கட்டுரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். குண்டு குண்டான கையெழுத்து. "விவசாயி அதிகாலையில் எழுந்து ஒவ்வொரு காயாகச் செடியில் கட்டுவார். கட்டாவிட்டால் காய் விழுந்துவிடும். ஆகவே விவசாயம் கடினமான தொழில்."

முதலில் சிரித்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பதினொரு பிள்ளைகள். இதற்கு முன் வந்த பள்ளிகளில் எத்தனை?

எவலின் எழுதியதையும் கேட்டு வாங்கிப் படித்தேன். பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறாள், நாசி லெமாக் சோற்றைப் பற்றி, தோழிக்கு வாந்தி வந்ததைப் பற்றி. வெள்ளரிக்காய் என்ற சொல்லே இல்லை. டாடியும் இல்லை. டீச்சர் கீழே, "பண்ணையைப் பற்றி எழுதவில்லையே?" என்று சிவப்பில் கேட்டிருக்கிறார்.

தெரியும் அவளுக்கு.

27 அக்டோபர், ஞாயிறு

அதே கடை, அதே மேசை. சோறு வந்ததும் கேட்டுவிட்டேன். நூலைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னாய்?

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள், காம்பெல்லாம் காய்ந்திருந்ததாம். அம்மா கடையில் வாங்கிவரும் காயும் அப்படித்தான் இருக்குமாம். அவ்வளவுதான், பெரிய கண்டுபிடிப்பு மாதிரியெல்லாம் இல்லை.

தெரிந்துமா பொய் சொன்னாய் என்றேன். கேட்டிருக்கக் கூடாது. நான் கேட்கிற கேள்வியா அது?

"எல்லாரும் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தாங்க டாடி."

ஒன்பது வயது. எனக்காகப் பொய் சொல்ல என் பிள்ளைக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்திருக்கு. நான்தான்யா அதக் கத்துக் குடுத்துருக்கேன். வேற என்னத்தக் குடுத்தேன்?

டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"வேணாம் டாடி. அப்புறம் நான்தான் பொய் சொன்னேன்னு தனேஷ் எல்லார்கிட்டயும் சொல்லுவான்."

ஐஸ்கிரீம் வேண்டாம் என்றாள்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

பண்ணையில் நான் மட்டும். அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டார், தலைவலி என்று சொல்லிவிட்டேன். சீதாலெட்சுமி அண்ணி முறுக்கும் ஆட்டுக்கறியும் கொடுத்தனுப்பியிருந்தார். அத்தனையையும் நின்றுகொண்டே தின்றேன்.

நாள் முழுக்க ஒரே யோசனை. சொன்னால் எவலின் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் வெள்ளரிக்காயைக் கட்டிக்கொண்டே வளரும். டீச்சர் வேறு பதிலுக்குக் காத்திருக்கிறார்.

மத்தியானம் ஒரு வழி தோன்றியது. ஃபோனை எடுத்துப் பேசிப் பதிவு செய்தேன். ஏழு தடவை அழித்தேன். எட்டாவதை அனுப்பிவிட்டேன்.

"பிள்ளைங்களா, நான் எவலினோட அப்பா. அந்த வெள்ளரிக்கா எங்க செடியில காய்ச்சது இல்ல. மார்க்கெட்டுல வாங்கி நான்தான் கட்டினேன். காத்துல விழாம இருக்கக் கட்டறோம்னு எவலின்கிட்டயும் பொய் சொல்லி வச்சிருந்தேன். அவ அத நம்பித்தான் உங்ககிட்ட சொன்னா. தப்பு என்மேல. உண்மை என்னன்னா, நாலு நாள் மழை பெஞ்சு பாத்தியில தண்ணி நின்னுருச்சு. தண்ணி நின்னா வெள்ளரிக்கு வேர் அழுகிரும். மூணு மாசம் பாடுபட்டு ஏழு காய்தான் கெடைச்சுச்சு. அந்த ஏழு உங்களுக்குப் பத்தாதுன்னு வெட்கப்பட்டு அப்படிச் செஞ்சுட்டேன்."

உண்மையைச் சொல்லப்போய் நடுவில் ஒரு பொய். அது கிடக்கட்டும். அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும்.

5 நவம்பர், செவ்வாய்

டீச்சர் வகுப்பில் போட்டுக் காட்டினாராம். மீதிச் செடியெல்லாம் என்ன ஆச்சு என்று பிள்ளைகள் கேட்டார்களாம். அழுகின பாத்தியையே காட்டியிருக்கலாமே சார் என்று எழுதியிருக்கிறார். எவலின் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாளாம்.

பதிவு பெற்றோர் குரூப்புக்குப் போய், அங்கிருந்து அண்ணனுக்கும் வந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா மார்க் என்றார். அடுத்து வரவேண்டிய இரண்டு பள்ளிகள் வரவில்லை என்றுவிட்டன. இனிமேல் பிள்ளைகள் வந்தாலும் நான் முன்னால் நிற்கவேண்டாம், தோட்டமும் லோரியும் மட்டும் பார்த்தால் போதும் என்றார். சரி என்றேன்.

10 நவம்பர், ஞாயிறு

வாசலில் பெர்னிஸ் மட்டும் நின்றாள். பிள்ளைக்கு வர மனமில்லையாம். வற்புறுத்தவேண்டாம் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. நானும் கேட்டேன் அந்த மெசேஜ, என்று மட்டும் சொன்னாள். நல்லதாகச் சொன்னாளா கெட்டதாகச் சொன்னாளா என்று இப்போதுவரை தெரியவில்லை.

கடைக்குப் போனேன். எத்தனை இலை என்று கேட்டார்கள். ஒன்று.

13 நவம்பர், புதன்

பாத்திகளை மேடாக்கி, சுற்றி வாய்க்கால் வெட்டி, மறுபடி வெள்ளரி ஊன்றினேன். லோரியில் பங்சார் வரை காய்கறி கொண்டுபோனேன். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பத்து நிமிஷம். திரும்பி வந்துவிட்டேன்.

15 நவம்பர், வெள்ளி

யாரிடமும் பேசவில்லை.

19 நவம்பர், செவ்வாய்

முளைத்துவிட்டது. ஒவ்வொரு குழியிலும் இரண்டு இலை.

மத்தியானம் மூன்றரைக்கு ஃபோன். பெர்னிஸ் நம்பர். இந்த இரண்டு வருஷத்தில் அந்த நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம். கை மண்ணோடு எடுத்தேன்.

எவலின். ஹலோ இல்லை, எதுவும் இல்லை.

"டாடி, இங்க பெரிய மழை. அங்கயும் பெய்யுதா?"

இன்னும் இல்லை, ஆனால் கறுத்துக்கொண்டு வருகிறது என்றேன்.

"செடி இருக்கா இப்போ?"

இன்றுதான் முளைத்தது, ரொம்பச் சின்னது என்றேன்.

"அப்ப தண்ணி நிக்கக்கூடாதுல்ல?"

வாய்க்கால் வெட்டியிருக்கிறேன் என்றேன். ஒழுங்காக ஓடுகிறதா, போய்ப் பார்த்தீர்களா என்று விடாமல் கேட்டாள். பின்னால் பெர்னிஸ் யாரிடமோ பேசுவது கேட்டது. அம்மா கூப்பிடச் சொன்னாங்களா என்று கேட்டேன்.

"இல்ல லா டாடி. மழை பெய்யுதுல்ல, அதான்."