பட்டன் கடைக்கு வந்த உளவாளி

மார்ச் 4, செவ்வாய்

கடையில் யார் கம்ப்யூட்டரில் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் மென்பொருளை இன்று எல்லா மிஷினிலும் போட்டாகிவிட்டது. யோசனை மாப்பிள்ளையுடையது. என் மகளைக் கட்டிய நாளிலிருந்து என் கடையைத் திருத்துவதே அவருக்கு முழுநேர வேலை. "மாமா, சம்பளமும் நீங்க குடுக்குறீங்க, இன்டர்நெட்டும் நீங்க குடுக்குறீங்க. அவங்க நாற்காலியில ஒக்காந்தபடியே ஊர் சுத்துறாங்க" என்றார். பொய்யில்லை. நான் எழுந்து நடந்தால் எல்லாத் திரையும் சடசடவென்று மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

விற்க வந்தவன் டை கட்டியிருந்தான். காலர் பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டன் மொத்த வியாபாரி முன்னால் வந்து நிற்கிறோமே என்ற நினைப்புகூட இல்லை. சொந்தக் கழுத்தைக் கவனிக்காதவன் அடுத்தவன் திரையைக் கவனித்துத் தருகிறானாம். விலையை இழுத்து இழுத்துக் குறைத்து, கடைசியில், "என் மிஷினுக்கும் சேத்துப் போடு, அதுக்குத் தனியா காசு கிடையாது" என்றேன். உடனே தலையாட்டினான். உடனே தலையாட்டுகிற வியாபாரியை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். இலவசம் என்றதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். வாரம் ஒரு தாள் சுவரில் ஒட்டப்படும், வெட்டி நேரம் சிவப்பில் இருக்கும் என்றேன். ஆர்டர் மேசையில் இருப்பவளை எல்லாரும் மகாராணி என்றுதான் கூப்பிடுவார்கள் — வீட்டிலிருந்து மெத்தை கொண்டுவந்து நாற்காலியில் போட்டு உட்காருகிறவள். அவள், "பாத்ரூம் போறதையும் எழுதுமா முதலாளி?" என்றாள். "கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போனா எழுதும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

மார்ச் 10, திங்கள்

முதல் தாள் வந்தது. நான் வருவதற்குள் மாப்பிள்ளை சுவரில் ஒட்டிவிட்டார். முதலிடத்தில், சிவப்பில், நான்.

"பொழுதுபோக்கு: ஜமுக்காளம் துவைக்கும் காணொளிகள்."

ஆமாம், பார்க்கிறேன். அதற்கென்ன? சேறு அப்பிய ஜமுக்காளத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகிறான், தேய்க்கிறான், கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது, அடியிலிருந்து பூவும் கொடியும் எழுந்து வருகின்றன. மத்தியானம் சாப்பிட்டபின் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. யார் குடி கெட்டது?

தாளைக் கிழித்து எடுத்தேன். அதற்குள் எல்லாரும் படித்துவிட்டார்கள். கிடங்கு ஆள், "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு, முதலாளிகிட்ட கொண்டாரட்டுமா?" என்று கேட்டானாம்.

என் பெயரை எடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சட்டம்னா எல்லாருக்கும் பொதுதானே மாமா." "சட்டம் பொதுதான் மாப்பிள்ளை. சுவரு என்னோடது."

இரண்டாவது சிவப்பு மகாராணி. துணிக்கடைப் படங்கள், அரட்டை, வாடகை வீடு. பாதி நாள் அதிலேயே போயிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டேன்.

"துணிப் படம் பாக்கவா உனக்குச் சம்பளம்?"

"ஆமா முதலாளி."

"என்ன ஆமா?"

"துணியப் பாத்தாதான் பட்டன் விக்க முடியும்."

"வாடகை வீடு பாக்குறதும் பட்டன் விக்கத்தானா?"

நாற்காலி மெத்தையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "அது எனக்கு" என்றாள்.

"உனக்குன்னா உன் வீட்டுல பாரு. மகாராணின்னு பேர் வெச்சா அரண்மனை ஆயிடுமா இது?"

யாரும் சிரிக்கவில்லை. பரவாயில்லை. மாப்பிள்ளை மத்தியானமே சிவப்பில் இருந்த எல்லாத் தளத்தையும், கூடவே சூதாட்டம், ஆபாசத்தையும், திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார். சொந்த ஃபோனையும் வேலை நேரத்தில் பையில் வைக்கச் சொல்லியாகிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

தாள் முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி முகம்.

மார்ச் 20, வியாழன்

கடை அமைதியாக இருக்கிறது. ரொம்பவே அமைதியாக. மகாராணி வருகிற ஆர்டரை ஏற்றுகிறாள். வேறொன்றும் செய்வதில்லை. குறை சொல்ல ஒரு சொல் இல்லை, அதுதான் எரிச்சல். சின்னத் தையல்காரர்கள் ஒருத்தர் சத்தமும் காணோம். துணி வெட்டுவதையே விட்டுவிட்டார்களா?

மார்ச் 24, திங்கள்

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவரின் ஆர்டர் இன்னும் வரவில்லை. என் வருஷ வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவதே அந்த ஒரு ஆர்டர்தான். நேரில் போனேன். தையல் மிஷின்களுக்கு நடுவே ஒரு தட்டில் வெள்ளைப் பட்டன் குவிந்து கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரம் தீட்டாத மட்டச் சரக்கு. எதிர்க்கடைக்காரன் சரக்கு.

"என்ன தம்பி இது?"

"அவசரத்துக்கு வாங்கினது அண்ணே. உங்க ஆர்டர்காரப் பொண்ணு வேலைய விட்டுருச்சுன்னு நெனச்சேன். பதிலே இல்ல."

"கடைக்கு ஃபோன் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணேன். யாரோ எடுத்து சரக்கோட கோட் நம்பர் சொல்லுங்கன்னாரு. நான் எந்தக் காலத்துல நம்பர் சொன்னேன்? துணியப் படம் எடுத்து அந்தப் பொண்ணுக்கு அனுப்புவேன். இதுக்கு இது போடுங்கண்ணேன்னு சொல்லும். நான் தெச்ச சட்டைய ஆன்லைன்ல போட்டா மொத ஆளா வந்து நல்லாருக்குன்னு எழுதும். எழுதிட்டு, கையிருப்பு தீந்துருக்குமேன்னும் கேக்கும்." சிரித்தார். "ஆள் விவரம் அண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுன்னுல்ல நெனச்சேன்."

நான் சொல்லிக் கொடுத்ததாம். நான் பூட்டிவைத்தது அதைத்தான்.

எதிர்க்கடைக்காரன் நேற்றுதான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான். முழு ஆர்டரையும் கேட்டிருக்கிறான். "வெள்ளிக்கிழமை முடிவு பண்ணணும் அண்ணே. அந்தப் பொண்ணு நம்பரையும் வாங்கிட்டுப் போனாரு."

"நீ குடுத்துட்டியா?"

"கேட்டா எப்படிண்ணே இல்லைன்னு சொல்றது?"

திரும்பி வரும் வழியெல்லாம் மாப்பிள்ளையைத் திட்டினேன். பாதி வழியில் திட்டு என் பக்கம் திரும்பியது. கடை போடுவதற்கு முன்பு, பட்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் என்ன செய்தேன்? தையல்காரன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மச்சினன் சண்டையையும் பிள்ளை காய்ச்சலையும் கேட்டேன். எழுந்திருக்கும்போது ஆர்டர் கையில் இருக்கும். டை கட்டியவனுடைய மிஷின் அன்று இருந்திருந்தால் நானும் ஒரே சிவப்புதான். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். இப்போது குடைகிறதே என்றால்?

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு எதுக்கு வீடு தேடுது? அதக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மகாராணியை உள்ளே கூப்பிட்டேன். மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார், கூப்பிடாமலே.

"எதிர்க்கடையிலேர்ந்து ஃபோன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொன்ன?"

"யோசிக்கணும்னு சொன்னேன்."

ஒளிக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. வீடு எதற்கு என்று கேட்டேன். அவள் அம்மா ஊரிலிருந்து அவளோடு இருக்க வந்துவிட்டாராம், முட்டி வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. கீழ்த்தளத்தில் வீடு வேண்டும். "தரகர் பகல்லதான் பேசுவாரு முதலாளி. பகல் பூரா உங்களோடது."

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "துணிக்கடைப் படங்கள மட்டும் பச்சையில சேத்துடலாம் மாமா. அப்புறம் கணக்கு சரியாயிடும்."

"பச்சைன்னாலும் பாத்துக்கிட்டேதானே இருக்கும்?" என்றாள். அவரிடம் அல்ல, என்னிடம்.

"சரி, உன் மிஷின்ல மட்டும் எடுத்துடறேன்."

"எல்லார் மிஷின்லயும் எடுங்க."

"அடுத்தவங்களப் பத்தி உனக்கென்ன?"

"எனக்கு மட்டும் எடுத்தா நாளையிலேர்ந்து எனக்கு யாரும் டீ கூட ஊத்த மாட்டாங்க."

"எடுத்தா நாள் பூரா சினிமா பாப்பாங்களே?"

"ஜமுக்காளம் பாத்த நேரத்துலயும் கடை ஓடிச்சே முதலாளி."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெட்கம் கெட்ட மனுஷன்.

அப்புறம் பேரம். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவன் நான். எதிராளி வேண்டுவது என்னவென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வித்தை. அவளுக்குச் சம்பளம்தான் என்று நினைத்தேன். அவள் கொண்டுவரும் ஆர்டரில் நூற்றுக்கு மூன்று கேட்டாள். ஒன்று என்றேன். இரண்டில் வந்து நின்றோம். முடிந்தது என்று எழுந்தபோது, "இன்னொண்ணு" என்றாள். "எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. எல்லார் முன்னாலயும் அதத் திருப்பி எடுத்துக்கணும்."

எனக்கு அது கசந்தது. "அத விடு. ரெண்டுக்குப் பதிலா ரெண்டரை வாங்கிக்கோ."

"ரெண்டு போதும் முதலாளி. அதுவும் வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசிக்க என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை இருக்கிறது.

மார்ச் 26, புதன்

காலையில் கடை நடுவில் நின்று சொன்னேன். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. துணிப் படம் பாக்குறதுதான் இவ வேலை. எனக்கு அது தெரியல." கிடங்கு ஆள் வாயைப் பிளந்து நின்றான். அவனுக்கு வேலையே இல்லையா?

டை கட்டியவனுக்கு ஃபோன் செய்தேன். கட்டிய வருஷப் பணம் திரும்பாதாம். ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். பணம் வாங்கும்போது வாய் நிறையப் பேசினவன், கொடுக்கும்போது ஒப்பந்தத்தைக் காட்டுகிறான். எல்லா மிஷினிலும் எடுக்கச் சொன்னேன், ஒன்றைத் தவிர. மாப்பிள்ளையுடையதில் இருக்கட்டும்.

மார்ச் 28, வெள்ளி

யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. முழுசாக. காலர் பட்டனுக்கு வேறு நிறம் போடலாம் என்று மகாராணி சொன்னதை அவரும் ஏற்றுக்கொண்டு, அதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அங்கே தட்டில் கிடந்த மட்டச் சரக்கை எதிர்க்கடைக்காரனே திருப்பி எடுத்துக்கொள்ளட்டும்.

பேசி முடித்தது இது. அவள் கொண்டுவரும் ஆர்டரில் நூற்றுக்கு இரண்டு, சம்பளத்துக்கு மேல். வாடிக்கையாளர் பேச்செல்லாம் இனி கடை நம்பரில், அந்த நம்பர் அவள் கையில். அவள் போனால் நம்பர் கடையில் நிற்கும். அதை நான் கேட்டு வாங்கினேன். சூதாட்டத்துக்கும் ஆபாசத்துக்கும் போட்ட பூட்டு அப்படியே இருக்கும். மத்தியானம் அரை மணி நேரம் அவரவர் இஷ்டம். என்ன பார்த்தாலும் நான் கேட்பதில்லை, நான் என்ன பார்த்தாலும் அவர்களும் கேட்பதில்லை.