மண்ணுக்கு லாரித் தண்ணீர்

12.6.2007, செவ்வாய்

பொம்மை அச்சில் ஊற்றும் மண் கரைசல் இன்றும் தயிர் மாதிரி கட்டிக்கொண்டது. பட்டறையில் கரைசல் கலக்குவது நான்தான், அதனால் பேச்சு வாங்குவதும் நான்தான். "சிலிகேட்டு கம்மியா போட்டிருப்ப, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார் முதலாளி. கரைசலை இளக்க ஊற்றும் திரவம் அது; ஒரு வாரமாக அதைத்தான் செய்கிறோம். ஊற்ற ஊற்றக் கெட்டியாகிறதே தவிர இளகவில்லை.

பட்டறைக் குழாயில் புது போர் தண்ணீர் விட்ட நாளிலிருந்துதான் இந்தக் கூத்து. டீ போடும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிகிறது. இதை யாரிடம் சொன்னாலும் கேட்கப் போவதில்லை. அதனால் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுபோயிருந்தேன். அதே மண், அதே சிலிகேட், இரண்டு வாளி. போர் தண்ணீர் வாளியில் துடுப்பு அப்படியே நின்றது. என் வாளி பால் போல ஓடியது.

முதலாளி விரல் விட்டுப் பார்த்தார். "கரைசலுக்கு நாளையிலேருந்து லாரி தண்ணி சொல்லிடறேன்."

"குடிக்கறதுக்குங்க?" என்று கேட்டாள் அச்சு பிரிக்கும் செல்வி.

"அதுக்கு இந்தத் தண்ணிக்கு என்ன கொறச்சல்?"

செல்விக்குப் போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் கல் என்று சொல்லி, நல்ல தண்ணீராக நிறையக் குடிக்கச் சொன்னார்கள். அவள் அடுத்த அச்சைப் பிரிக்கப் போய்விட்டாள்.

நாளை காலை லாரி வந்ததும் முதல் இரண்டு குடம் எங்களுக்குக் குடிக்க. அனுமதி கேட்கப் போவதில்லை. எடுத்துப்போக வீட்டுக் குடம் இரண்டையும் இப்போதே கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டேன்.