பாஸ் என்று கொண்டாடிய கரகரப்பு

இன்று சபைக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. யாரோ பிளாஸ்கைத் திறந்ததும் சுக்குக் காப்பி வாசனை வந்தது, நான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன். பாடுகிறவர்களுக்கு அது இதமான வாசனையாக இருக்கலாம். எனக்கு அது, என்னைக் கட்டிய நீங்கள் நோயென்று தெரியாமல் தொண்டைக்கு இதமாகக் குடித்துத் தீர்த்த மாதங்களின் வாசனை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சியின்போதே உங்கள் சத்தம் கம்மியிருந்தது. கன்வென்ஷன் கூட்டங்களில் பாடித் தொண்டை கட்டியிருக்கிறது என்றீர்கள். பாஸ் என்கிற அடிக்குரலுக்கு ஆளில்லை என்று வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்த பாட்டு மாஸ்டர் உங்களை டெனர் என்கிற மேல்குரல் வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார். "எலே மக்கா, இதாக்கும் பாஸ்! இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். கேரல் போன வீடுகளிலெல்லாம் அந்தக் குரலைப் பற்றித்தான் பேச்சு. ஊரே ஒரு நோய்க்குச் சபாஷ் போட்டது. நீங்களும் சின்னப் பிள்ளை மாதிரி பெருமைப்பட்டுக்கொண்டீர்கள்.

கிறிஸ்துமஸ் போன பிறகும் சத்தம் தெளியவில்லை. "ஒருக்கா டாக்டர்ட்ட காட்டீட்டு வருவோம்" என்று நான் நச்சரித்தேன்.

"தொண்ட கட்டினதுக்கெல்லாம் ஆசுபத்திரியா பிள்ளே? வலி ஒண்ணும் இல்ல. பீடியும் விட்டாச்சு."

வலி இல்லாததுதான் நம்மை ஏமாற்றியது. காது வலித்து, சோறு இறங்காமல் போனபோதுதான் கிளம்பினீர்கள். அதற்குள் புற்று முற்றி, குரல்வளையையே எடுக்கும்படி ஆயிற்று. கழுத்தில் துளையோடு வீட்டுக்கு வந்தீர்கள். அழுதால்கூடச் சத்தம் வராது. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் கடைசிவரை பார்த்தேன்.

சத்தம் மூன்று வாரத்துக்கு மேல் அடைத்திருந்தால் தொண்டைக்குள் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான். அன்றிலிருந்து கம்மிய குரல் எங்கே கேட்டாலும் எத்தனை நாளாக என்று கேட்கிறேன். என்னைக் கண்டால் இருமல்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போன மாதம் உங்கள் தம்பிக்குச் சத்தம் கம்மியது. வாரங்கள் போயும் தெளியவில்லை. மாஸ்டர் அவனையும் பின்வரிசைக்குக் கூப்பிட்டார். "ஈஸ்டர் கழியட்டு மைனி, பிறகு போவோம்" என்று அண்ணியான என்னிடம் தவணை சொன்னான். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவன் வந்து ஏறும்வரை இறங்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் மலையாளி டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். துளி சதை எடுத்து அனுப்பினார். சில நாளில் முடிவு வாங்கப் போனோம். அதே நோய்தான். ஆனால் குரல்நாணில் சின்ன இடத்தோடு நின்றிருந்தது. கதிர்வீச்சு போதும், பேச்சுக்குப் பயமில்லை என்றார். "நேரத்தே வந்நது நன்னாயி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பான். டோக்கன் எடுத்துக் காத்திருந்த நேரம்கூட ஆகவில்லை அந்தச் சோதனைக்கு. உங்களுக்கும் இவ்வளவுதானா வேண்டியிருந்தது என்று அழுதேன்.

வீடு வரும்வரை அவன் பேசிக்கொண்டே வந்தான். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. சீக்கிரம் வந்தது நல்லது என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.