மாடியில கெடந்த ஸ்டூல்

வெள்ளிக்கிழமை, ராத்திரி

என் வீட்டுக்காரரு வாங்கின குட்டி டெலஸ்கோப்புக்கு ஸ்டாண்டு கிடையாது. எது மேலயாவது வெச்சுத்தான் பாக்கணும். சாயந்திரம் மொட்டை மாடியில தரையில வெச்சாரு, குப்புறப் படுக்க வேண்டியிருந்துச்சு. கைப்பிடிச் சுவர் மேல வெச்சாரு, அவங்க அம்மா, அதான் எங்க அத்தைக்கு எட்டல. கடைசியில மூலையில கெடந்த மர ஸ்டூலை இழுத்துப் போட்டாரு. நாற்காலியில உக்காந்தா சரியா கண்ணுக்கு நேரா இருந்துச்சு.

அது என் ஸ்டூல். மாசத்துல மூணு நாள் நான் ஒதுங்கி உக்கார்றதுக்குன்னு, கல்யாணமான புதுசுல அத்தையே தவளக்குப்பத்துல வாங்கினது. வேற யாரும் தொடக்கூடாது. இருட்டுல அவங்களுக்கு அடையாளம் தெரியல. பன்னெண்டு வருஷமாப் பாக்கற அவருக்கு ஞாபகமே இல்ல.

நான் வாயத் திறக்கல.

அத்தை ரெண்டு கையையும் ஸ்டூல்ல ஊனிக்கிட்டு நிலாவைப் பாத்தாங்க. "அடேயப்பா, எவ்ளோ கிட்டக்க தெரியுது!"ன்னு அதே கையால கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

கீழ வந்து சாமிக்குக் கற்பூரம் காட்டி, எனக்குத் திருநீறு பூசி விடற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் சொன்னேன். "அத்தை, நீங்க கைய ஊனினது என் ஸ்டூலு."

நேரா போயி பச்சைத் தண்ணியைத் தலைக்கு ஊத்திக்கிட்டாங்க. வெந்நீர் வெக்கட்டுமான்னு நான் கேக்கல. இப்ப பக்கத்து ரூம்ல இருமறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு.

பனி கொட்டுது. டெலஸ்கோப் இன்னும் மாடியிலதான் இருக்கு. "அது உன் ஸ்டூல் மேல இருக்கு, நாங்க தொடக்கூடாது. நீயே போயி எடு"ன்னாரு அவரு.

நனையட்டும்.